2025–26 செயலர் ஆண்டறிக்கை: அருகருகே வரும் கருந்துளைகள் பற்றிய நமது தொடர் கூட்டங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழுவினரே, கும்பகோணம் வட்டாரத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்திருக்கும் வானியல் மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பேரவையின் முடிவில், அணைக்கரைப் பக்கத்து விவசாயியான நம் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "ரெண்டு கருந்துளை பக்கத்துல பக்கத்துல வந்துட்டா எது எதை விழுங்கும்?" என்று கேட்டார். மேடையில் இருந்த எவராலும், என்னையும் சேர்த்துத்தான், நிறைவான விடை சொல்ல முடியவில்லை. ஆகவே இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் அனைத்தையும் அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்குவது என்று செயற்குழு தீர்மானித்தது. நடவுக் காலத்தில் வருகை குறைந்ததும், ஐப்பசி, கார்த்திகை மழையில் தொலைநோக்கி உறையை விட்டு வெளியே வராததும் ஆண்டுதோறும் நடப்பவைதாம். வழக்கமான கூட்ட அறை இரண்டு மாதம் மறுக்கப்பட்டபோது, உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையையும் காபியையும் தந்து உதவினார். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

முதல் கூட்டத்தில் நேர்ந்த பிழை என்னுடையது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கொள்ளிடத்தில் மதகுகளுக்குக் கீழே இரண்டு நீர்ச்சுழிகள் ஒன்றையொன்று சுற்றிச் சேர்வதை உவமையாகச் சொல்லி விளக்கத் தொடங்கினேன். கேள்வி கேட்ட அதே உறுப்பினர், "சுழி சேருறது தண்ணி உரசுறதால, ஐயா, வானத்துல உரச என்ன இருக்கு?" என்றார். என் உவமை அந்த இடத்திலேயே உடைந்தது. ஆனால் தொடர் முழுவதற்குமான சரியான கேள்வி அப்போதுதான் கிடைத்தது. கருந்துளை சுழியைப் போல் சுற்றியுள்ள எல்லாவற்றையும் உறிஞ்சுவதில்லை. நம் சூரியன் இருக்கும் இடத்தில் அதே நிறையுள்ள கருந்துளையை வைத்தாலும் பூமி இப்போதுள்ள பாதையிலேயே சுற்றும். அப்படியானால் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு கருந்துளைகளும் காலமெல்லாம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதானே, அவை ஏன் நெருங்க வேண்டும்?

அவை சுற்றும்போது ஈர்ப்பலைகளை, அதாவது காலவெளியில் பரவும் நெளிவுகளை, வெளியிடுகின்றன என்பதும், அந்த அலைகள் சுற்றுப்பாதையின் ஆற்றலை எடுத்துச் செல்வதால் பாதை சுருங்குகிறது என்பதுமே விடை. இந்தச் சுருக்கம் தொடக்கத்தில் நம்ப முடியாத அளவுக்கு மெதுவானது. சூரியனைப் போல் 30 மடங்கு நிறையுள்ள இரண்டு கருந்துளைகள், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளியில் வட்டப்பாதையில் சுற்றினால், அவை இணைய ஏறத்தாழ 6 லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும்; பேரண்டத்தின் வயதோ சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான். இடைவெளியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் காலம் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைந்து, ஏறத்தாழ 60 கோடி ஆண்டுகளாகிவிடும். ஆகவே கருந்துளைகள் ஓரளவு நெருங்கிய பிறகே ஈர்ப்பலைகள் வேலையை முடித்துவைக்கின்றன. அதுவரை அவற்றை நெருங்கச் செய்வது, அவை விண்மீன்களாக இருந்தபோது பகிர்ந்துகொண்ட வாயு உறையாக இருக்கலாம். நெருக்கமான விண்மீன் கொத்துகளில் பிற விண்மீன்களின் குறுக்கீடாகவும் இருக்கலாம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய நம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியருக்கு மன்றத்தின் நன்றி.

இணைவின் கடைசி நொடிக்கு மட்டும் மூன்று கூட்டங்கள் தேவைப்பட்டன. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகள் 1915-லேயே வந்துவிட்டாலும், இரண்டு கருந்துளைகள் சுற்றி இணைவதைக் கணினியில் முழுமையாகத் தீர்த்துக் காட்ட 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை முதலில் செய்தவர் ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ். அந்தக் கணக்குகளின்படி, மிக அருகில் வந்ததும் இரண்டையும் ஒருசேரச் சூழ்ந்து, ஒளியும் தப்ப முடியாத ஒரு பொது எல்லை உருவாகிறது. முதலில் இரண்டு பருப்புள்ள நிலக்கடலைத் தோடுபோல் நடுவில் ஒடுங்கியிருக்கும் அது, கணப்பொழுதில் சுழலும் தட்டையான உருண்டையாக அமைகிறது. எது எதை விழுங்கியது என்று பிரித்துச் சொல்ல அங்கே இடமே இல்லை. "விழுங்குதல்" என்ற சொல்லை நம் துண்டறிக்கைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் தனிக்கருத்து.

இந்த நிகழ்வு முதன்முதலாகப் பதிவானது 2015 செப்டம்பர் 14 அன்று. சூரியனைப் போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் இணைந்து 62 மடங்குள்ள ஒன்றாயின. குறைந்துபோன 3 சூரிய நிறையும் ஒரு நொடிக்குள் ஈர்ப்பலைகளாகச் சிதறி, சுமார் 130 கோடி ஆண்டுகள் பயணம் செய்து நம்மை வந்தடைந்தன. அமெரிக்காவில் லிவிங்ஸ்டனிலும் ஹான்ஃபோர்டிலும் உள்ள, ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ கருவிகளின் 4 கிலோமீட்டர் நீளக் கைகள் அப்போது அசைந்த அளவு, ஒரு புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த அலையை ஒலியாக மாற்றிக் கூட்டத்தில் ஒலிக்கச் செய்தபோது, நொடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அதன் அதிர்வெண் 35-லிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை ஏறியது. திருவையாற்றிலிருந்து வந்திருந்த மிருதங்க வித்வான், முடிவில் அது ஒரு கட்டைச் சுருதியின் சட்ஜத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது என்றார். பிறகு சரிபார்த்தோம், அவர் சொன்னது சரிதான்.

ஒலி உச்சத்தை எட்டியபின் சட்டென்று அடங்கும் பகுதியைக் காட்ட, நாச்சியார்கோயிலில் வார்த்த கைமணி ஒன்றைத் துணைத்தலைவர் கொண்டுவந்தார். மணியின் நாதம் அதன் அளவையும் உலோகத்தையும் பொறுத்து அமைவதுபோல, புதிய கருந்துளை அதிர்ந்து அடங்கும் விதம் அதன் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தது. கருந்துளை இவ்வாறு அதிர்ந்து அடங்கும் என்பதை 1970-லேயே கணக்கிட்டுக் காட்டியவர் நம் நாட்டின் சி. வி. விஸ்வேஸ்வரா. இந்த உவமையை மட்டும் எவரும் உடைக்கவில்லை.

ஆண்டின் சிறப்பான கூட்டம் புரட்டாசியில் நடந்தது. 2025 ஜனவரி 14 அன்று பதிவான ஓர் இணைவின் ஆய்வு முடிவு அந்தச் செப்டம்பரில்தான் வெளிவந்திருந்தது. கருந்துளைகளுடைய எல்லைகளின் மொத்தப் பரப்பு ஒருபோதும் குறையாது என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1971-இல் சொன்னதை அது மிகத் தெளிவாக உறுதிசெய்தது. இணைவதற்கு முன் இரண்டின் பரப்பும் சேர்ந்து சுமார் 2,40,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல் இரு மடங்குக்குச் சற்றுக் குறைவு. இணைந்தபின் சுமார் 4,00,000, அதாவது மூன்று மடங்குக்குச் சற்று மேல். இரண்டு வயல்களுக்கு நடுவேயுள்ள வரப்பை வெட்டினால் வரப்பளவு நிலம்தான் கூடும். இங்கோ நிறையில் ஒரு பகுதி அலையாகப் போய்விட்டபின்பும் பரப்பு இவ்வளவு கூடுகிறது. கருந்துளையின் ஆரம் நிறைக்கு ஏற்ப வளர்வதால் பரப்பு நிறையின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது என்பதே இதற்குக் காரணம். இதைக் கேட்ட உறுப்பினர்களில் பாதிப்பேர் கைப்பேசியில் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மகிழ்ந்தேன்.

இணைவின்போது அலைகள் எல்லாத் திசையிலும் சமமாக வெளியேறாவிட்டால், புதிய கருந்துளை எதிர்த்திசையில் உதைத்துத் தள்ளப்படும் என்பதை நேரமின்மையால் ஒரே கூட்டத்தில் சுருக்கமாகத்தான் பேச முடிந்தது.

பங்குனிக் கூட்டத்தின் முடிவில், தம் கேள்விக்கு விடை கிடைத்ததா என்று அணைக்கரை உறுப்பினரிடம் கேட்டேன். "ரெண்டுக்கு ஆச்சு, மூணு வந்தா?" என்றார். மூன்று பொருள்களின் இயக்கத்துக்கு இரண்டுக்கு உள்ளதுபோல் பொதுவான எளிய சூத்திரம் கிடையாது. பெரும்பாலும் ஒன்று தூக்கி எறியப்பட, மற்ற இரண்டும் முன்னைவிட நெருங்கிச் சுற்றத் தொடங்கும். இதையே வரும் ஆண்டின் பொருளாக எடுத்துக்கொள்ளவும், கூட்டங்களை நடவு முடிந்தபின் தொடங்கவும் செயற்குழு பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையையும் இப்பரிந்துரையையும் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.

இவண்,
செயலர்