மாலை நேர மைதானம்: பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து, விடைத்தாள்களும் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டன. தேர்ச்சி பரவாயில்லை, கணக்கில் மட்டும் இன்னும் உழைக்க வேண்டும். குறுவட்டப் போட்டிகளில் கபடியிலும் தடகளத்திலும் வென்றவர்கள் மாவட்டத்துக்குப் போகிறார்கள். எல்லோருக்கும் வாழ்த்துகள். அரையாண்டுத் தேர்வு அட்டவணை வந்ததும் தெரிவிக்கிறோம்.

இனி மைதானம் பற்றி.

1931-ல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் வந்தது. ரயிலடியை ஒட்டி இந்தப் பக்கத்து ஊர்களும் வளர்ந்தன. வயல் மனையாகி, மனை அடுக்ககமாகி, நம் வட்டாரத்தில் பிள்ளைகள் கால்வீசி ஓட மிச்சமிருப்பது பள்ளி மைதானம் ஒன்றுதான். தமிழகத்தில் 1978-ல் பிளஸ் டூ வந்த பிறகு நம் உயர்நிலைப் பள்ளி மேல்நிலைப் பள்ளியானது. கூடுதல் வகுப்பறைக்கு இடமில்லாமல் திண்டாடிய அந்த நாளிலும் பெரியவர்கள் மைதானத்தில் கைவைக்கவில்லை.

அங்கேதான் இப்போது மாலை நான்கு மணிக்கு இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. வாசலில் நெரிசல், சாலையில் தண்ணீர் லாரி, மழை எல்லாம் எங்களுக்கும் தெரியும். உங்கள் அவசரத்தைக் குறைசொல்லவில்லை. ஆனால் நம்முடையது செயற்கை ஓடுதளம் அல்ல, வெறும் மண் தரை. மழையில் ஊறிய மண்ணில் வண்டி ஏறினால் டயர் தடம் விரற்கடை ஆழம் பதிகிறது. இரண்டு நாள் வெயிலில் அப்படியே இறுகிவிடுகிறது. நீளம் தாண்ட ஓடிவரும் பிள்ளையின் கண் பலகை மேல் இருக்கும், கால் அந்தத் தடத்தில் புரளும். சென்ற வாரம் எட்டாம் வகுப்பு மாணவிக்குக் கணுக்கால் சுளுக்கியது அப்படித்தான். உடற்கல்வி ஆசிரியர் காலையில் கயிறு பிடித்துப் போடும் சுண்ணாம்புக் கோடுகள் மாலையில் டயரோடு வெளியே போகின்றன. மணல் குழிக்குள்ளேயே ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டரையும் பார்த்தாயிற்று! பெண்கள் கபடிக்கு 12-க்கு 8 மீட்டர் இடம் போதும். அதுவும் கிடைக்காமல் நம் அணி ஓரமாக நின்று, வண்டிகள் எப்போது கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே வரும் திங்கள் முதல் மைதானத்துக்குள் எந்த வண்டிக்கும் அனுமதி இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவினர், ஆசிரியர்கள், நான் உட்பட யாருக்கும் விலக்கு கிடையாது. பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளிடமே சாவியைக் கொடுத்தனுப்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்றாண்டு வரை சிறை என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. அரசு தந்த மிதிவண்டி வீட்டில் துருப்பிடிக்க, ஸ்கூட்டர் எதற்கு?

பின்வாசலை 4 மணிக்கே திறந்து வைக்கிறோம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். ஆறு முதல் எட்டு வரை முதலில் விடுவோம், மற்ற வகுப்புகள் பத்து நிமிடம் கழித்து. நடக்கச் சிரமப்படும் பிள்ளைகளை அழைக்க வருகிறவர்கள் முன்வாசல் வழியாக அலுவலகம் வரை வரலாம்.

போன மழையில் தண்ணீர் தேங்கியபோது மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். அதை நாங்கள் மறக்கவில்லை. மாவட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் காலை உணவுச் செலவை ஏற்றுக்கொண்ட பெற்றோர்களுக்கும் மனமார்ந்த நன்றி. நேரில் பேச விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் அலுவலகத்துக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்