ஆயர் நியமித்தவர் எல்லாம் ஆயரின் ஆளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லண்டன் கத்தோலிக்கப் பாடசாலைகளைப் பற்றி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் படித்தேன். பேரனுக்கு இடம் கிடைக்கவில்லை என்ற கோபம் அவருக்கு. அந்தக் கோபத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் பாடசாலையை நிர்வகிக்கிற சபையில் ஆயர் நியமிக்கிற உறுப்பினர்கள், அதாவது கவர்னர்கள், ஆயர் சொன்னதற்குக் கையைத் தூக்கத்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு எதற்குப் பெரும்பான்மை என்றும் கேட்டிருந்தார். நானும் அப்படி நியமிக்கப்பட்டவள்தான். ஓய்வு பெற்ற கணக்காளர். கிழக்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் இரண்டாவது தவணையாக கவர்னராக இருக்கிறேன். கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், இடம் தாருங்கள்.

பெரும்பான்மை உண்மைதான். எங்களுடையதைப் போன்ற 'வொலன்டரி எயிடட்' பாடசாலைகளில், அதாவது அரசு பணத்தில் திருச்சபை நடத்துகிற பாடசாலைகளில், திருச்சபை நியமிக்கிற கவர்னர்கள் மற்ற எல்லோரையும் விட இரண்டு பேர் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதிபர் ஒருவர், ஊழியர் தரப்பில் ஒருவர், உள்ளூராட்சிக் கவுன்சில் சார்பில் ஒருவர், பெற்றோர் இருவர் என்று ஐந்து பேர் இருந்தால், ஆயர் தரப்பில் ஏழு பேர். 1944 கல்விச் சட்டத்தில் வேர் பிடித்த ஏற்பாடு இது. நிலமும் கட்டடமும் திருச்சபை அறக்கட்டளையுடையவை. சம்பளமும் அன்றாடச் செலவும் அரசுடையவை. கட்டட வேலைகளில் திருச்சபைக்கும் பங்கு உண்டு. 1944இல் அது பாதிக்குப் பாதி, இன்று பத்து வீதம். பொயிலர் படுத்துவிட்டது, புதிதாகப் பூட்ட ஒரு லட்சம் பவுண் என்றால், பத்தாயிரத்தை நாங்கள்தான் தேட வேண்டும். பெற்றோரிடம் கட்டட நிதி கேட்டுக் கடிதம் போவது அதனால்தான். கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, கொடுக்காதவர் பிள்ளையை வேறு கண்ணால் பார்க்கவும் முடியாது.

பத்து வீதம் போட்டுவிட்டுப் பெரும்பான்மை எடுக்கலாமா என்றால், நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிலத்தையும் கட்டடத்தையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த நாட்டில் பல கத்தோலிக்கப் பாடசாலைகள், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைச் சனம் சில்லறை சேர்த்துக் கட்டியவை.

கையைத் தூக்கும் கதைக்கு வருகிறேன். எங்கள் சனத்துக்குக் கவர்னர் என்றதும் ஊரில் மிஷன் பாடசாலைகளை ஆண்ட பழைய முகாமையாளர் சுவாமிதான், அந்தப் பாதிரியார்தான், நினைவுக்கு வருகிறார். என் அப்பா யாழ்ப்பாணத்தில் மிஷன் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். நியமிப்பதும் முகாமையாளர், இடம் மாற்றுவதும் முகாமையாளர். ஒரு ஞாயிறு பூசைக்கு வராவிட்டால் திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். 1960, 61இல் அரசு அந்தப் பாடசாலைகளைக் கையேற்றபோது அப்பா ஊரோடு சேர்ந்து கவலைப்பட்டார், வீட்டுக்கு வந்து பெருமூச்சு விட்டார் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். இங்கே ஆளுக்கொரு வாக்கு. பங்குச் சுவாமி கவர்னராக இருந்தாலும் அவருக்கும் ஒன்றுதான்.

நியமித்தவர் சொன்னபடிதான் வாக்களிக்க வேண்டும் என்பதும் இல்லை. லண்டனின் அன்றைய கல்வி அதிகாரசபை, தன் கொள்கைக்கு ஒத்துவரவில்லை என்று தான் நியமித்த கவர்னர்களையே நீக்கிய வழக்கில், 1989இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அந்த நீக்கம் செல்லாது என்றது. அது திருச்சபை சம்பந்தப்பட்ட வழக்கு அல்ல. ஆனால் கவர்னர் தன் சொந்தப் புத்தியைக் கொண்டு முடிவெடுக்க வேண்டியவர், நியமித்தவரின் கைப்பொம்மை அல்ல என்பது அதில் தெளிவாகிவிட்டது. பாடசாலையின் கத்தோலிக்கத் தன்மையைக் காப்பதும், அறக்கட்டளைப் பத்திரத்தின்படி அது நடக்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் கடமை. அதை மீறினால் ஆயர் எங்களை வீட்டுக்கு அனுப்பலாம். வரவு செலவுத் திட்டம் பிழை என்று நான் சொன்னதற்காக அனுப்ப முடியாது. சொல்லியும் இருக்கிறேன், இன்னும் கவர்னராகத்தான் இருக்கிறேன்.

இனி அந்தப் பேரனின் விஷயம். பிள்ளையை எனக்குத் தெரியாது, பாடசாலையும் எங்களுடையது அல்ல. ஆனால் எங்கள் சேர்க்கைக் குழுவின் மேசையில் நடப்பதைச் சொன்னால் அவருக்கு உதவலாம். ஜனவரி 15இல் கவுன்சிலின் விண்ணப்பம் முடிந்ததும் எங்களிடம் இரண்டு கட்டு வரும். ஒன்று கவுன்சில் அனுப்புகிற பெயர்ப் பட்டியல். மற்றது பெற்றோர் எங்களுக்கென்று தனியாக நிரப்பிக் கொடுத்த துணைப் படிவங்கள், ஞானஸ்நானச் சான்றிதழும், குடும்பம் ஒழுங்காகப் பூசைக்கு வருகிறது என்று சுவாமி கையெழுத்திட்ட தாளும் பின்குத்தியபடி. தமிழில் எழுதிய சான்றிதழ் வந்தால் பேசாமல் என் பக்கம் தள்ளிவிடுவார்கள். வரிசை முன்கூட்டியே எழுதப்பட்டது. எங்களிடம் கவுன்சில் பராமரிப்பில் உள்ள கத்தோலிக்கப் பிள்ளைகள் முதலில், பிறகு சுவாமியின் தாள் உள்ள கத்தோலிக்கப் பிள்ளைகள், தாள் இல்லாதவர்கள், இப்படியே கீழே போகும். ஒரே படியில் பலர் நின்றால் வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரம். ஆண்டுதோறும் நான் பார்ப்பது, எங்கள் ஆக்கள் கவுன்சில் விண்ணப்பத்தை மட்டும் அனுப்பிவிட்டுத் துணைப் படிவத்தை விட்டுவிடுவது. அந்தப் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது எங்களுக்கு எப்படித் தெரியும்? 'மற்றவர்கள்' என்ற கடைசிப் படியில் போய் விழும். சுவாமியே வந்து காதுக்குள் சொன்னாலும் அதை மேலே ஏற்ற முடியாது. சுயாதீன மேன்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். தவறியது படிவம்தான் என்றால் அங்கேயும் வெல்வது கடினம்.

அந்த வரிசையை எழுதுவது யார் என்றால், நாங்கள்தான். ஆயரகம் வழிகாட்டும், முடிவு எங்களுடையது. மாற்றுவதென்றால் பெற்றோரிடமும் ஊராரிடமும் கருத்துக் கேட்க வேண்டும். கடைசியாகக் கேட்டபோது ஒரு தமிழ்ப் பெற்றோரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை. ஏப்ரல் 16இல் முடிவு வந்த பிறகுதான் தொலைபேசி அடிக்கிறது.

இடம் மிஞ்சினால் கத்தோலிக்கர் இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் பிள்ளைகளின் தொகை குறைந்துவருகிறது, பல ஆரம்பப் பாடசாலைகளில் கதிரைகள் காலி. எங்களிடம் நெற்றியில் திருநீற்றோடு வருகிற பிள்ளைகளும் படிக்கிறார்கள். சமய பாடமும் வழிபாடும் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு, ஆனால் அநேகமாக யாரும் கொடுப்பதில்லை. கிறிஸ்மஸ் நாடகத்தில் அவர்கள்தான் மூன்று ராசாக்கள்.

உறுத்துகிற விஷயமும் உண்டு. அதிபர் கட்டாயம் வழிபாட்டில் ஈடுபடுகிற கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்பது ஆயர்கள் பேரவையின் விதி. ஆள் கிடைக்காமல் திரும்பத் திரும்ப விளம்பரம் போட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த கெட்டிக்கார அங்கிலிக்கன் ஆசிரியை ஒருவருக்கு அந்தக் கதவு மூடியே கிடக்கிறது. விதியின் நியாயம் எனக்கு விளங்குகிறது, மனம் மட்டும் முழுதாக ஒப்பவில்லை.

ஆனால் வாசகர் குறிபார்க்க வேண்டிய இடம் வேறு. எங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதுதான் அது. பங்குச் சுவாமியின் பரிந்துரை இல்லாமல் ஆயரகம் யாரையும் எடுக்காது. சுவாமிக்கு யாரைத் தெரியும்? வாசகம் வாசிக்கிறவரை, காணிக்கைத் தட்டு எடுக்கிறவரை. எங்கள் சனம் மாதத்துக்கு ஒருமுறை வேறு கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போகும், மற்ற ஞாயிறுகளில் பங்குக் கோயிலின் பின் வாங்கில் இருந்துவிட்டு நற்கருணை முடிந்ததும் வாகனத்துக்கு ஓடும். அவர் எப்படி முகம் பார்த்துக் கையெழுத்து வைப்பார்? என் யோசனை இது: காலி இடங்களைக் கோயில் அறிவித்தல் பலகையில் போட வேண்டும், ஆயரகம் நேர்முகம் வைத்து எடுக்க வேண்டும், இரண்டு தவணைக்கு மேல் ஒருவர் அதே கதிரையில் இருக்கக் கூடாது. ஆயரகத்துக்கு இதை எழுதியிருக்கிறேன். கடைசி யோசனைப்படி இந்தத் தவணை முடிந்ததும் நானும்தான் இறங்க வேண்டும்.

அதைவிட அவசரமானது இன்னொன்று. பல மறைமாவட்டங்கள் (ஆயரின் ஆளுகைப் பகுதிகள்) தங்கள் பாடசாலைகளை, பல பாடசாலைகளை ஒரே சபையின் கீழ் நடத்துகிற பெரிய அகடமி அறக்கட்டளைகளுக்குள் சேர்த்துவருகின்றன. அங்கே உள்ளூர்க் குழுவுக்கு மேலே உள்ள சபை விட்டுக் கொடுத்த அதிகாரம்தான். பொயிலரும் அதிபர் நியமனமும் கைவிட்டுப் போகலாம். கையைத் தூக்கத்தான் ஆட்கள் என்று வாசகர் சொன்னது அங்கே நடக்கக்கூடும், அதனால் இப்போதே உள்ளே ஆள் வேண்டும்.

வர விரும்புகிறவர்களுக்கு: தேம்ஸுக்கு வடக்கே என்றால் வெஸ்ட்மின்ஸ்டர், தெற்கே சதக், கிழக்கு லண்டனின் பெரும்பகுதிக்கு பிரென்ட்வுட் மறைமாவட்டம். விண்ணப்பம் அவர்களுடைய கல்விப் பிரிவுக்குப் போக வேண்டும். தவணை நான்கு ஆண்டு, சம்பளம் இல்லை. பாடசாலையில் பிள்ளை படிக்க வேண்டும் என்றும் இல்லை. வேலை செய்கிறவருக்குக் கவர்னர் கடமைக்காக நியாயமான நேரம் விட வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை, அந்த நேரத்துக்குச் சம்பளம் தருவது மட்டும் அவர் விருப்பம். ஆங்கிலம் சரளமாக வராது என்று பின்வாங்கத் தேவையில்லை. கூட்டத் தாள்கள் ஏழு நாளுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். வீட்டில் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு, கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நான் முதல் ஆண்டு முழுக்க அப்படித்தான் போனேன்.

இப்படிக்கு,
இளவாலையைச் சேர்ந்த வாசகி,
கிழக்கு லண்டன்