30 மில்லி பாலைப் படம் எடுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், மக்கள் நல்வாழ்வுத் துறை, செய்தி மக்கள் தொடர்புத் துறை அலுவலர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்றும் எனக்கு டீச்சர் என்றுதான் பெயர். தாய்ப்பால் தானத்தைப் பற்றி நம் பெண்களுக்குக் காட்டப்படும் படங்களைக் குறித்து உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்க வந்திருக்கிறேன்.

பணியில் இருந்த கடைசி ஆண்டில் ஒரு சமுதாய வளைகாப்பு. கல்யாண மண்டபத்தில் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கன்னத்தில் சந்தனம், கை நிறையக் கண்ணாடி வளையல். ஐந்து வகைச் சாதத்தின் மணம் சமையல்கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டுக்கு முன் தாய்ப்பால் தானம் பற்றி ஒரு படம் போட்டார்கள். அதில் வந்த தாய் பளிங்குத் தரை போட்ட வீட்டில் சோபாவில் உட்கார்ந்து, மின்சாரத்தில் ஓடும் கருவியால் பால் எடுத்தார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் தட்டுத் தட்டாகப் பால் பைகள். இத்தனை லிட்டர் கொடுத்துச் சாதனை என்று எழுத்து ஓடியது. என் முன்னால் இருந்த எட்டு மாதக் கர்ப்பிணி முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அவள் மாமியார், "எழுந்திரு, பந்தி போட்டுவிட்டார்கள்" என்று கையைப் பிடித்து எழுப்பினார். பந்தி போட இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அந்த மாமியார்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படம் அவரிடம் பேசவே இல்லை. அவர் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. மருமகள் மார்பைத் திறந்து இயந்திரத்தை வைப்பது அவருக்குக் கூச்சம். லிட்டர் கணக்கைப் பார்த்ததும் தன் பேரப்பிள்ளையின் பங்கைப் பிடுங்கிக் கொடுப்பதாகத்தான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

லிட்டரைக் காட்டாதீர்கள். 30 மில்லியைக் காட்டுங்கள்.

ஏன் இந்தக் கணக்கு என்று சொல்கிறேன். என் மகளுக்கு முப்பதாவது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பேத்தியின் எடை 1 கிலோ 100 கிராம். அறுவை சிகிச்சை, ரத்த அழுத்தம், பயம், எல்லாம் சேர்ந்து மகளுக்கு முதல் மூன்று நாள் பாலே வரவில்லை. பச்சிளங்குழந்தைகள் பிரிவில், மற்றத் தாய்மார்கள் தானமாகக் கொடுத்த பாலைச் சேமித்து வைக்கும் தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்த பாலைக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். சரி என்றோம். மேலங்கி போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்தேன். பிள்ளையின் வாய் வழியாக வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய். செவிலியர் ஊசி இல்லாத சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, குழாயோடு பொருத்தி, அதில் 2 மில்லி பாலை விட்டார். அழுத்தவில்லை. சிரிஞ்சைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டார். பால் தன் போக்கில் கோடு கோடாக இறங்கியது. கடைசிச் சொட்டு இறங்கும்வரை நானும் மூச்சு விடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 2 மில்லி என்றால் ஒரு நாளைக்கு 24 மில்லி. எவளோ ஒரு தாய், தன் பிள்ளை குடித்தது போகக் கொடுத்த 30 மில்லி, என் பேத்தியின் ஒரு நாள் உணவாக ஆகி மிச்சமும் இருந்தது.

இந்த ஒரு காட்சியை வெட்டாமல், இசை போடாமல், அந்தப் பால் இறங்கி முடியும்வரை படமெடுத்துக் காட்டுங்கள். எங்கள் ஊர் மாமியார்கள் எழுந்து போக மாட்டார்கள்.

பால்பவுடர் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கும் படத்தில் பதில் இருக்க வேண்டும். குறைமாதக் குழந்தையின் குடல் முற்றாதது. அந்தக் குடலின் சுவர் வெந்து அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் அவர்களுக்கு வருவதுண்டு. பவுடர் பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த ஆபத்து கூடுதல், தாய்ப்பால் குடிப்பவர்களுக்குக் குறைவு. பெற்றவளின் பால் கிடைக்காதபோது, எடை குறைந்த குழந்தைகளுக்கு வேறு தாயின் பாலைக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. 2014 நவம்பரில் தர்மபுரியில் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்ததை நாங்கள் மறக்கவில்லை. அவர்களில் பலர் எடை குறைந்து பிறந்தவர்கள். அவர்களைப் பால் காப்பாற்றியிருக்கும் என்று சொல்ல நான் மருத்துவர் இல்லை. எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகள் நம் மாவட்டங்களுக்குப் புதிதல்ல என்பதை மட்டும் சொல்கிறேன். சட்டப்படியான வயது நிரம்பாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது நிற்காதவரை அது குறையவும் குறையாது. அதற்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

எங்கள் பெண்களின் முதல் பயம், தன் பிள்ளைக்குப் போதாமல் போய்விடும் என்பது. அதைத் தீர்க்க டாக்டரை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துப் பேச வைக்காதீர்கள். தென்பெண்ணை மணலில் ஒரு பெண் ஊற்றுத் தோண்டுவதைக் காட்டுங்கள். கொட்டாங்கச்சியால் இறைக்க இறைக்கத் தண்ணீர் ஊறுவதைக் காட்டுங்கள். மார்பும் அப்படித்தான் சுரக்கிறது. எடுக்க எடுக்க உடம்பு இன்னும் தயாரிக்கிறது. சொந்தப் பிள்ளை குடித்து முடித்த பிறகு மிஞ்சியதைத்தான் வங்கி கேட்கிறது என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது கண்ணேறு. அதைவிடப் பெரியது, வெளியே யாரும் சொல்லாதது, சாதி. யார் பாலை யார் குடிப்பது என்ற கேள்வி. என்னிடமே கேட்டிருக்கிறார்கள், என் பேத்தி குடித்தது யாருடைய பாலோ என்று. பல வங்கிகளில் நான்கைந்து தாய்மார்களின் பாலை ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுகிறார்கள். பிறகு 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, உடனே குளிரவைத்து, ஆய்வகத்தில் சோதித்து, மைனஸ் 20 டிகிரியில் உறைய வைக்கிறார்கள். அந்தப் பாத்திரத்தைக் காமிரா அருகில் போய்க் காட்டட்டும். அதில் எது யாருடையது என்று எந்த ஊர்ப் பெரியவரும் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு தொடக்கக் காட்சியும் நம் ஊரிலேயே இருக்கிறது. தர்மபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயிலில் தைப்பூசத் தேரை இழுப்பவர்கள் பெண்கள். அந்த முருகனுக்குப் பாலூட்டியவர்கள் ஆறு கார்த்திகைப் பெண்கள். ஒருத்தியும் அவனைப் பெற்றவள் இல்லை. அந்தத் தேரில் இருந்து படம் தொடங்கினால், அடுத்த ஐந்து நிமிடம் நீங்கள் சொல்வதை எங்கள் பெண்கள் கேட்பார்கள்.

பணக்காரப் பெண்களின் பொழுதுபோக்கு இது என்ற எண்ணத்தையும் உடைக்க வேண்டும். இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை மருத்துவர் அர்மிடா பெர்னாண்டஸ் 1989இல் தொடங்கியது மும்பை சயான் மாநகராட்சி மருத்துவமனையில். தாராவி மக்கள் நம்பிப் போகும் மருத்துவமனை அது. தாராவியில் நம் தமிழ் சனம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும்.

யார் கொடுக்கக் கூடாது என்பதையும் மறைக்காதீர்கள். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சிபிலிஸ் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. புகையிலை போடுகிறவர்கள் கொடுக்கக் கூடாது. எங்கள் பக்கம் வெற்றிலையோடு புகையிலையும் சேர்ப்பவர்கள் உண்டு, ஆகவே இதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். பரிசோதிக்காத பாலைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுப்பது வேறு, வங்கி வழியாகக் கொடுப்பது வேறு. இதற்குக் காசு கிடையாது என்பதும் முக்கியம். தாய்ப்பாலை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் எச்சரித்திருக்கிறது. வறுமை உள்ள வீட்டில் காசு நுழைந்தால் முதலில் காய்வது பெற்ற பிள்ளையின் வாய்தான்.

படம் தமிழில் மட்டும் இருந்தால் போதாது. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். வத்தல்மலை, சித்தேரி மலை மக்களின் பேச்சு வேறு மாதிரி. அந்தந்த ஊர்ப் பெண்ணின் குரலில் பதிவு செய்யுங்கள். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கும் கணவனின் செல்பேசிக்கும் அந்தப் படம் போய்ச் சேர வேண்டும், பல வீடுகளில் கடைசிச் சொல் அவனுடையது.

எப்போது காட்டுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வளைகாப்பில் காட்டுவது விதை போடுவது மட்டும். கேட்க வேண்டிய நேரம் பிரசவமான மூன்றாம் நான்காம் நாள். அப்போதுதான் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகி, காய்ச்சலும் வலியுமாகப் பெண்கள் அழுகிறார்கள். கையால் பாலை எப்படி எடுப்பது என்று அந்த வார்டில் ஐந்து நிமிடம் காட்டினால் அவள் வலி தீரும், பாலும் வீணாகாது. அதை விட்டால் ஒன்றரை மாத ஊசிக்கு வரும் புதன்கிழமை. குழந்தை நன்றாகக் குடிக்கப் பழகியிருக்கும், தாயும் தெம்பாக இருப்பாள்.

படம் பார்த்து மனம் வந்த பிறகு அவள் என்ன செய்வாள்? பென்னாகரத்தில் இருந்து பஸ் ஏறிப் பாலைச் சுமந்து போவாளா? பிரேசிலில் 200க்கும் மேற்பட்ட தாய்ப்பால் வங்கிகள் இருக்கின்றன. அங்கே பல ஊர்களில் தீயணைப்பு வீரர்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். காப்பித்தூள் வந்த கண்ணாடிப் புட்டியைக் கொதிக்கவைத்து அதில்தான் பெண்கள் சேமிக்கிறார்கள். நம்மிடமும் வண்டி இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தானே? ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவரும் அந்த வண்டி, திரும்பும்போது ஐஸ் பெட்டியில் பாலைக் கொண்டுபோகலாம். படத்தின் கடைசியில் எந்த எண்ணை அழைப்பது, எந்த நாளில் பெட்டி வரும் என்று இருக்க வேண்டும். அது இல்லாமல் ஒருத்தியின் மனத்தை மட்டும் கிளறிவிட்டுப் போகாதீர்கள்.

பெண் சிசுவுக்குக் கள்ளிப்பால் கொடுக்கும் ஊர் என்று சேலம், தர்மபுரிப் பக்கத்தைச் சொன்ன காலம் எனக்கு நினைவிருக்கிறது. வேண்டாம் என்ற பெண் சிசுவை அரசு வைத்த தொட்டிலில் விட்டுப் போகலாம் என்று 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு எங்கள் மாவட்டத்துக்கும் வந்தது. தொட்டிலில் விடப்பட்ட பிள்ளைக்கும் பசிக்கும். அதற்குப் பால் கொடுக்கப் பெற்றவள் பக்கத்தில் இல்லை.

கடைசியாக, என் தெருவில் உள்ள ஒரு பெண்ணைப் பற்றி. ஏழாம் மாதத்தில் பிறந்த அவள் முதல் பிள்ளை நான்காம் நாள் போய்விட்டது. வெறும் மடியோடு வீட்டுக்கு வந்த மறுநாள் அவளுக்குப் பால் சுரந்தது. பால் வற்ற வேண்டும் என்று மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுகக் கட்டினார்கள். ஊருக்கே மணக்கும் பூ அது, அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டியது. வலி பொறுக்காமல் அவள் பாலைக் கிண்ணத்தில் பிழிந்து, கிணற்றடி முருங்கையின் வேரில் ஊற்றி, எறும்பு மொய்க்கக் கூடாது என்று காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். என் பேத்தியின் கதையைக் கேட்ட அன்று அவள் சொன்னாள்: "யாராவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, டீச்சர்."

பிள்ளையை இழந்த தாய் விரும்பினால் அவளிடமும் பால் வாங்கலாம், வற்புறுத்தாமல், பக்குவமாகக் கேட்டால். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். காமிரா முன்னால் பேசத் தயார் என்கிறாள். முகம் தெரியலாம், பெயர் வேண்டாம், அந்த முருங்கை மரத்தடியிலேயே உட்கார்ந்து பேசுகிறேன் என்கிறாள். எப்போது வருவார்கள் என்று போன வாரமும் கேட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்