உதவித்தொகைக்கும் பருவம் உண்டு

இயற்கை வேளாண்மை படிப்போருக்கும் கற்பிப்போருக்கும் உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளைகளுக்கும் தேர்வுக் குழுக்களுக்கும்,

வணக்கம்.

தொகை போதவில்லை என்று முறையிட இதை எழுதவில்லை. போதவில்லைதான், அது வேறு கதை. என் குறையெல்லாம் அந்தப் பணம் எப்போது வருகிறது, எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதைப் பற்றியது. உங்கள் உதவித்தொகை கல்வியாண்டோடு தொடங்கிக் கல்வியாண்டோடு முடிகிறது. நிலத்துக்குக் கல்வியாண்டு தெரியாது.

ரசாயனம் போட்டுவந்த நிலத்தை இயற்கை முறைக்கு மாற்றிச் சான்று பெற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பது நீங்கள் அறியாததல்ல. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ஆண்டுப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் 2 ஆண்டுகள், பல்லாண்டுப் பயிர்களுக்குப் பொதுவாக அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள். அமெரிக்க விதியோ தடைசெய்த இடுபொருள் கடைசியாக விழுந்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையே 36 மாதங்கள் கேட்கிறது. உழவரை வாட்டி எடுக்கும் காலம் இதுதான். விளைச்சல் இறங்கும், களை ஏறும், சான்று பெற்ற விளைபொருளுக்கான விலையும் கைக்கு வராது. மாணவர் கூடவே இருந்து பார்க்க வேண்டியதும் இதைத்தான். ஓராண்டுத் தொகையில் வருபவரோ இதில் ஒரு துண்டைப் பார்த்துவிட்டு, 'முடிவுகள்' என்று தலைப்பிட்டு அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. எழுதியும் விடுகிறார்கள். அவற்றைத் திருத்துகிற ஆசிரியர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்: நல்ல மாணவர்களின் அறிக்கையில்தான் தயக்கம் அதிகம் தெரிகிறது.

ஒரு பயறுச் செடியை வேர் அறாமல் தோண்டி எடுத்து, வேரில் சிறு உருண்டையாகத் திரண்டிருக்கும் வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் வேலை நடக்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. இதைக் கற்றுக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த நைட்ரஜனில் எவ்வளவு அடுத்த பயிருக்குப் போய்ச் சேர்ந்தது, செடியை இன்னும் பத்து நாள் முன்னதாக மடக்கி உழுதிருக்க வேண்டுமா என்பதையெல்லாம் அடுத்த பயிர்தான் சொல்லும். அது வளர்வதற்குள் மாணவரின் தொகை முடிந்துவிடுகிறது. மண்ணும் அப்படித்தான். அளவுக்கு மீறி உழுது களைத்த நிலத்தின் காய்ந்த மண்கட்டியைத் தண்ணீரில் இட்டால் சட்டென்று உதிர்ந்து கலங்கிவிடும். மட்கு நிறைந்த மண் உருக்குலையாமல் நிற்கும். இரண்டையும் ஒரே வகுப்பில் காட்டிவிடலாம். முதலாவது இரண்டாவதாக மாறுவதைக் காட்ட ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இந்தத் துறை நம்பி நிற்கும் சான்றுகளே நீண்ட காலச் சோதனைகளிலிருந்து வந்தவைதாம். சுவிட்சர்லாந்தின் தெர்வில் ஊரில் 1978-இல் தொடங்கிய, இயற்கை முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிடும் சோதனையின் 21 ஆண்டு முடிவுகள் 2002-இல் வெளியாயின. இயற்கை முறையில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைவு. உரமும் ஆற்றலும் செலவானது 34 முதல் 53 சதவீதம் வரை குறைவு. இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் அந்தப் பொறுமை. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் 1843-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் கோதுமைச் சோதனையைத் தொடங்கியவர் ஜான் பென்னட் லாஸ். சூப்பர் பாஸ்பேட் உரம் தயாரித்து விற்றவர். சோதனைகள் தமக்குப் பின்னும் தொடர வேண்டும் என்று 1889-இல் ஒரு லட்சம் பவுண்டில் அறக்கட்டளையும் அமைத்தார். ரசாயன உர வியாபாரிக்கு இருந்த பொறுமை இயற்கை வேளாண்மைக்கு நிதி தருவோருக்கு இல்லாமல் போவது எனக்குப் புரியவில்லை.

கற்பிப்போர் பக்கம் வருகிறேன். ஆசிரியர்களுக்கென்று நீங்கள் ஒதுக்குவது பெரும்பாலும் மாநாட்டுக்குப் போகும் பயணச் செலவு. எங்களுக்கு வேண்டியது விதைப்புக் காலத்தில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒரு மாற்று ஆசிரியர். அந்தச் சம்பளத்தைத் தாருங்கள், நாங்கள் வயலில் இருப்போம். இன்னொருவர் உங்கள் படிவத்தில் எங்குமே வருவதில்லை. மாணவரைத் தன் நிலத்தில் சேர்த்துக்கொள்ளும் உழவர் அவர். மாணவர் களை என்று நினைத்து நாற்றைப் பிடுங்குவார், மட்குக் குவியலைப் புரட்ட மறப்பார். அந்த நட்டத்தையும் நேரத்தையும் உழவரே சுமக்கிறார். பட்டம் இல்லாததால் அவரைக் 'கல்வியாளர்' என்ற பத்தியில் சேர்க்க முடியாது என்கிறீர்கள். பட்டம் கேட்கும் அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

ஒருவருக்குத் தரும் தொகையை மூன்றாண்டுக்கு நீட்டினால் பயன்பெறுவோர் எண்ணிக்கை குறையும், உங்கள் ஆண்டறிக்கையின் குழுப்படத்தில் தலைகளும் குறையும். தெரிந்துதான் கேட்கிறேன். பத்துப் பேருக்கு ஓராண்டு என்பதைவிட நான்கு பேருக்கு மூன்றாண்டு மேல். முதல் தவணை விதைப்புக்கு முன்பே வரட்டும். ரசீது காட்டினால் பிறகு தருகிறோம் என்பது, கையில் காசு உள்ளவர்களுக்கு மட்டுமே உதவும் உதவித்தொகை. பூச்சியோ மழையோ பயிரைக் கொண்டுபோனால், என்ன நடந்தது என்று நேர்மையாக எழுதிய மாணவருக்கு அடுத்த தவணையை நிறுத்தாதீர்கள்.

அடுத்த அறிவிப்பை எழுதும் குழுவில் ஓர் உழவரையாவது உட்கார வையுங்கள். படிவத்தைத் திருத்த ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன். கூட்டத்தை மட்டும் விதைப்பு நேரத்தில் வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
இயற்கை வேளாண்மை கற்பிக்கும் ஓர் ஆசிரியர்