ஜெராக்ஸ் அழுக்கு அழகுக்காக வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு நடன கிளப்புகளின் இசை ரசிகர்கள் தாங்களே எழுதி, நகலெடுத்துத் தயாரித்த சிற்றிதழ்களான ஃபேன்சீன்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படங்களுக்காகவே எடுத்துவைக்கலாம். ஆனால், கணினியில் பக்கத்தைக் கச்சிதமாக அமைத்துவிட்டு அதன்மேல் கறையும் கீறலும் சேர்த்தால் ஃபேன்சீன் ஆகிவிடும் என்ற யோசனை தவறு. 1976 ஜூலையில் லண்டனில் மார்க் பெர்ரி ‘ஸ்னிஃபின் குளூ’ என்ற பங்க் இசை ஃபேன்சீனைத் தொடங்கியபோது தட்டச்சு இயந்திரமும் மார்க்கர் பேனாவும் ஜெராக்ஸும்தான் கருவிகள். 1986இல் அதே ஊரில் வந்த ‘பாய்ஸ் ஓன்’ இசையோடு கால்பந்தையும் உடையையும் சேர்த்து எழுதியது, ஒரே கூட்டத்தில் புழங்கியவர்கள் படிப்பதற்காக. சனிக்கிழமைக்குள் கைக்குப் போக வேண்டும், எழுத்து தெரிய வேண்டும் என்பதே கவலை. அழுக்கு அதையும் மீறி வந்தது.

வெட்டி ஒட்டிய காகிதத்தின் விளிம்பு நிழலாக விழுந்து, நகலில் கறுப்புக் கோடாக வரும். மூலத்தில் ஒயிட்னர் பூசினால் மேடாகி இன்னொரு நிழல் விழும். ஒரு நகல் எடுத்து, அதில் கோடுகளை வெள்ளையடித்து, அதையே மூலமாக வைத்துக்கொள்வது நல்லது. எல்லாப் பிரதிகளும் அதிலிருந்தே வர வேண்டும். நகலுக்கு நகல் என்று போனால் சிறிய எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். ஏ4 அளவில் ஒட்டி 71 சதவீதமாகக் குறைத்தால் ஏ5 பக்கம் கிடைக்கும், வெட்டின் கோணலும் மறையும். தண்ணீர்ப் பசை காகிதத்தைச் சுருக்கிவிடும். குச்சிப் பசைதான் சரி. ஓரத்தில் சில மில்லிமீட்டரை இயந்திரம் அச்சிடாது, 1 செ.மீ. விட்டுவிடுங்கள்.

படங்கள்தான் பெரும் தொல்லை. கிளப் இருட்டில், இருக்கும் வெளிச்சத்தில் எடுத்த படம் கண்ணுக்கு அழகு, ஜெராக்ஸில் கறுப்புத் திட்டு. ஃபிளாஷ் போட்டு எடுத்த முகம் வெள்ளையும் கறுப்புமாகப் பிரிந்து நிற்பதால் நகலில் தேறும். சாம்பல் நிறங்கள் வேண்டுமென்றால் படத்தை முதலில் புள்ளிகளாக மாற்ற வேண்டும்; சாதாரண ஜெராக்ஸுக்கு அங்குலத்துக்கு 65 முதல் 85 புள்ளி வரிசை போதும். அதற்கு மேல் நெருக்கினால் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கம் என்பதால், பக்க எண்ணிக்கை 4இன் மடங்காக இருக்க வேண்டும். 16 பக்கத்துக்கு ஏ4 தாள் நான்கு. முதல் தாளின் ஒரு பக்கம் 16, 1. மறுபக்கம் 2, 15. அருகருகே வரும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17. வராவிட்டால் எங்கோ மாறிவிட்டது. இருபக்க நகலில் தாளைக் குறுகிய விளிம்பில் திருப்பாவிட்டால் உள்பக்கம் தலைகீழாக வரும். சாதாரண ஸ்டேப்ளர் இதழின் முதுகான நடு மடிப்புவரை எட்டாது. அதை விரித்து, தாளுக்கடியில் தடித்த அட்டை வைத்து வெளியிலிருந்து குத்தி, பின்னின் கால்களை உள்ளே கையால் மடக்கலாம்.

இதைவிட முக்கியமாகக் கட்டுரை தொடாத விஷயம், உள்ளே என்ன எழுதுவது என்பது. மான்செஸ்டரின் ஹசியெண்டா கிளப் 1982இல் திறந்து 1997இல் மூடியது. இன்று அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரு கிளப்பில் எந்த இரவு யார் என்ன வாசித்தார் என்பதற்கு ஃபேன்சீனைத் தவிர வேறு சாட்சி இல்லாமல் போவது சாதாரணம். அப்படியிருக்க, ‘சனி 14’ என்று மட்டும் போட்டு ஆண்டை விட்டுவிடுகிறார்கள். ஒரு தேதி பெரும்பாலும் 5, 6 அல்லது 11 ஆண்டில் அதே கிழமையில் திரும்ப வந்துவிடுமே! ஒவ்வொரு இதழின் அட்டையிலும் ஆண்டு, ஊர், கிளப்பின் பெயர் மூன்றும் இருக்கட்டும்.

பாடல் பட்டியலும் அப்படித்தான். டிஜேக்களிடம் முன்கூட்டி வரும் வெள்ளை லேபிள் இசைத்தட்டில் பெயரே இருக்காது. இசை முடிந்து லேபிள் தொடங்குவதற்கு முன் உள்ள வழவழப்பான வளையத்தில் ஓர் எண் கீறப்பட்டிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். தட்டின் இரு பக்கத்திலும் அது வேறுபடும் என்பதால் இரண்டையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிற்பாடு அந்தத் தட்டு எந்தப் பெயரில் கடைக்கு வந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். ‘அந்த பியானோ பாட்டு’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தேட முடியாது. ஆடியவர்களின் முழுப்பெயரை மட்டும் அச்சிடாதீர்கள். அந்த இரவு அவர்களுடைய சொந்த விஷயம்.

பிரிட்டனில் அச்சாகி வெளியாவதில் ஒரு பிரதியை ஒரு மாதத்துக்குள் பிரிட்டிஷ் நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். வீட்டில் மடித்த ஃபேன்சீனும் வெளியீடுதான். நூலகத்துக்குப் போகும் பிரதியில் இரும்பு பின் வேண்டாம், துருவேறித் தாளைத் தின்றுவிடும். மடிப்பில் மூன்று துளை போட்டுப் பருத்தி நூலால் தைத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்