காபியை இப்படித் திடீரென்று விடாதே

அன்புள்ள விஜி,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாதவள் இன்று ஒரே மூச்சில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதன் கடைசி வரிதான். வீட்டில் எல்லாரும் நலம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் முழங்கால் பழையபடியே இருக்கிறது. குசலம் முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

"அடுத்த வாரத்திலிருந்து காபியை ஒரேயடியாக விடப் போகிறேன், தூக்கம் வரட்டும்" என்று எழுதியிருக்கிறாய். உன் சபதங்களின் ஆயுள் எனக்குத் தெரியாதா? வயலின் என்ன ஆயிற்று, நடைப்பயிற்சி என்ன ஆயிற்று என்று நான் கேட்கப் போவதில்லை. வேறு யாராவது எழுதியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நீ மனநிலை தலைகீழாக ஏறி இறங்காமல் இருக்க லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவள், அதனால் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் சொல்லாமல் காபியை நிறுத்தாதே. இதை மட்டும் படித்துவிட்டு மீதியை மடித்து வைத்தாலும் சரி.

வைக்க மாட்டாய். அதனால் கண்ணன் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அவன் சிகரெட்டை விட்டுவிட்டான். ஆமாம், நம் கண்ணன்தான்! இருமலுக்காகப் போன இடத்தில் யாரோ நன்றாகப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் எல்லாரும் கொண்டாடினோம். ஆனால் கொஞ்ச நாளிலேயே ஆள் வேறு மாதிரி ஆகிவிட்டான். பகலெல்லாம் கண்ணைத் திறக்க முடியாத மயக்கம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிடும். தலையணை எச்சிலில் நனைந்து கிடக்கும். நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்பான். இரவு மட்டும் தூக்கம் இல்லை. இரண்டு மணிக்குச் சமையலறையில் கரண்டிச் சத்தம் கேட்கும். எழுந்து போனால் இருட்டிலேயே நின்று காபித்தூளை அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பான். கை நடுங்குவதால் டம்ளரை எப்போதும் பாதிதான் நிரப்புவான். பாதி பாதியாக எத்தனை டம்ளர் என்பதை யார் எண்ணினார்கள்?

அவனுடைய மனநோய் திரும்பிவிட்டது என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். முதலில் பார்த்த டாக்டர் தூக்க மாத்திரை ஒன்றைச் சேர்த்து எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு பார்த்த டாக்டர் அம்மாள்தான் மாத்திரைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்: "சிகரெட் பிடிப்பாரா? ஒரு நாளைக்கு எவ்வளவு காபி?" இத்தனை வருஷத்தில் இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டதில்லை, விஜி. மது கேட்பார்கள், கஞ்சா கேட்பார்கள், காபியை ஒரு பொருட்டாகவே நினைக்க மாட்டார்கள்.

விஷயம் இதுதான். கண்ணன் மனநோய்க்குச் சாப்பிடும் க்ளோசபின் மருந்தையும் காபியில் இருக்கும் காஃபீனையும் முக்கியமாக உடைத்து வெளியேற்றுவது கல்லீரலில் உள்ள அதே ஒரு நொதிதான். சிஒய்பி1ஏ2 என்று பெயர். சிகரெட் புகையில் இருக்கும் தார்ப் பொருட்கள் அந்த நொதியை முடுக்கிவிடும். நிகோடின் அல்ல, புகைதான், அதனால் நிகோடின் பட்டை ஒட்டிக்கொண்டாலும் இந்த வேலை நடக்காது. புகைக்கும் வரை மருந்து வேகமாகக் கரைந்துபோகும் என்பதால் டோஸும் அதற்கேற்பக் கூடுதலாக இருக்கும். சிகரெட்டை நிறுத்தினால் சில நாட்களுக்குள் நொதி தணிந்துவிடும். மாத்திரை அதே அளவுதான், ரத்தத்தில் மருந்து மட்டும் ஏறும். காபியும் அதே டம்ளர்தான், காஃபீன் மட்டும் முன்பைவிட வெகுநேரம் உடம்பில் தங்கும். போதாக்குறைக்குக் காஃபீனே அந்த நொதியை ஆக்கிரமித்துக்கொண்டு க்ளோசபினை இன்னும் உயர்த்தும். பகலில் மயக்கம், இரவில் விழிப்பு என்று இரண்டும் ஒரே ஆளிடம் எப்படி என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டதற்கு விடை இவ்வளவுதான். ரத்தத்தில் க்ளோசபின் அளவைப் பார்த்தார்கள், ஏறித்தான் இருந்தது. டோஸை மெல்ல இறக்கினார்கள்.

அதற்குள் சித்தப்பா காபித்தூள் டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அவரைத் தெரியுமே உனக்கு, உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரு பூட்டு இருக்கும். நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். பெரிய சண்டை.

ஏன் பிடுங்கினேன் என்றால், கண்ணன் ஒருநாள் தானாகச் சொன்னான்: "மாத்திரை என்னை மூடுது அக்கா, காபிதான் கொஞ்சம் திறக்குது." அவனுக்கு அது நாக்கு ருசி மட்டும் இல்லை. மருந்தின் மந்தம், வறண்ட வாய், ஓடவே ஓடாத பகல்பொழுது, இத்தனைக்கும் அவன் கைக்கு எட்டியது அந்த டம்ளர் ஒன்றுதான். மனநோய் உள்ளவர்கள் ஏன் இப்படிக் குடிக்கிறார்கள் என்று கேட்பவர்கள் அவர்களுடைய ஒரு மதியத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும். மனநல வார்டுகளில் காஃபீன் நீக்கிய காபியாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் பதற்றமும் கோபமும் குறைந்தன, சில இடங்களில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆகவே காபிதான் எல்லாவற்றுக்கும் வில்லன் என்று நானும் சொல்ல மாட்டேன். பீதி நோய் உள்ளவர்கள் கதை வேறு. அவர்களில் பலருக்குக் கூடுதல் காஃபீனே பீதித் தாக்குதலைக் கிளப்பிவிடும்.

தூக்கத்தைப் பொறுத்தவரை காபி என்ன செய்கிறது என்பதை அந்த அம்மாள் நன்றாகச் சொன்னார். விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்துகொண்டே போகும், அதுதான் நம்மைப் படுக்கைக்குத் தள்ளுவது. காஃபீன் அது போய் ஒட்ட வேண்டிய இடத்தில் தான் போய் ஒட்டிக்கொள்ளும். கடனை அடைப்பதில்லை, கடன்காரனை வாசலிலேயே நிற்க வைக்கிறது. சராசரியாக ஐந்து மணி நேரத்துக்குப் பிறகும் குடித்ததில் பாதி ரத்தத்தில் இருக்கும், ஆளுக்கு ஆள் இது ரொம்பவே மாறும். 2013இல் வந்த ஒரு ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் கொடுத்தபோதே ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளுக்கு அதுவரை பரவாயில்லை என்று சொல்லப்படும் அளவும் அதே 400தான்! கண்ணன் அதைக் காலைப் பதினோரு மணிக்கே தாண்டிவிடுவான்.

நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. காலைக் காபியில் கை வைக்கவில்லை. மதியத்துக்கு மேல் குடிப்பதில் மட்டும் காஃபீன் நீக்கிய தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தோம், அவனுக்குத் தெரிந்தேதான். எப்போது குடித்தான், எப்போது படுத்தான் என்று ஒரு நோட்டில் அவனே எழுதுகிறான். அவன் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆயிற்று! ஒருநாள் பக்கத்தில் "கரண்ட் இல்லை, அதனால் தூக்கம்" என்று மட்டும் இருந்தது. இப்போது பல இரவுகள் நாலு, நாலரை வரை தூங்குகிறான். சில இரவுகள் பழையபடி கரண்டிச் சத்தம்தான்.

தூக்கத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்காதே. 2017இல் பிரிட்டனில் 3,755 பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. தூக்கமின்மைக்கு மட்டும் இணையவழிச் சிகிச்சை கொடுத்தார்கள், மருந்து இல்லை. தூக்கம் சீரானது, கூடவே சந்தேக எண்ணங்களும் மாயக்காட்சி, மாயக்குரல் போன்ற அனுபவங்களும் குறைந்தன. தூக்கம் கெடுவது நோயின் அறிகுறி என்றே நாம் பழகியிருக்கிறோம், அது நோயைத் தள்ளிவிடும் கையாகவும் இருக்கிறது. உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மார்ச் மாதம் நீ எப்படி ஆரம்பித்தாய்? "தூங்கவே வேண்டாம் போலிருக்கிறது மாலு, எவ்வளவு நேரம் மிச்சம்!" என்று போன் செய்தாயே, அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சரி, இப்போது நீ. கண்ணனுக்குக் காபி மருந்தை ஏற்றுகிறது என்றால் உனக்கு நேர்மாறு. காஃபீன் சிறுநீரகத்தைத் தூண்டி லித்தியத்தை வழக்கத்தைவிட வேகமாக வெளியேற்றுகிறது. உன் டோஸை நிர்ணயித்தபோது நீ குடித்துக்கொண்டிருந்த காபியும் அந்தக் கணக்குக்குள் இருந்தது, உன் டாக்டர் கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும். ஒரேயடியாக நிறுத்தினால் அதே மாத்திரையில் ரத்தத்தில் லித்தியம் ஏறும். லித்தியத்தில் சரியான அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடம் ரொம்பக் குறுகல் என்பது உனக்கே தெரியும். கை நடுக்கம் திடீரென்று அதிகமானால், வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல் வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போ. "பார்க்கலாம், நாளைக்கு" என்று உன் பாணியில் உட்கார்ந்திருக்காதே.

இன்னொன்றும் இருக்கிறது. நிறுத்தி ஒரு நாள் ஆவதற்குள் தலைவலி பிடித்துக்கொள்ளும். அலுப்பு, எரிச்சல், எதிலும் மனம் ஒட்டாமை எல்லாம் கூடவே வந்து ஒரு வாரம் வரைகூட நீடிக்கும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேட்டில் இதைத் தனி நோயறிதலாகவே சேர்த்திருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்கு உனக்கு மனச்சோர்வு திரும்பிவிட்டது என்றுதான் தோன்றும். உனக்கும் அப்படித்தான் தோன்றும், அதுதான் என் பயம். தலைவலிக்கு மாத்திரை போட்டால் அட்டையைத் திருப்பிப் படி, சிலவற்றில் காஃபீனே இருக்கும். லித்தியத்தோடு இப்யூபுரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளையும் கேட்காமல் போடக் கூடாது. கிரீன் டீக்கு மாறுவேன் என்று எழுதியிருக்கிறாயே, அதிலும் காஃபீன்தானே இருக்கிறது, என்ன நினைத்தாய்?

விட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாலைக் காபியை முதலில் விடு, பிறகு மெல்ல மெல்ல இறங்கு. எந்த வாரத்தில் எவ்வளவு குறைக்கிறாய் என்று டாக்டருக்குத் தெரியட்டும், லித்தியம் அளவை எப்போது பார்ப்பது என்று அவர் சொல்வார். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுக் காலையில் மாத்திரையை முழுங்கிவிட்டுப் போய் நிற்காதே. தண்ணீரும் உப்பும் வழக்கம் போலவே இருக்கட்டும். அந்த இணைய மகான் சொன்ன விரதத்தை எல்லாம் இத்துடன் கட்டிப் பிடித்துக்கொண்டு ஆடாதே.

ராஜியிடம் இதையெல்லாம் சொல்லிவிடாதே, அவள் அடுத்த நாளே ஊர் முழுக்க எல்லாருடைய டம்ளரையும் எண்ண ஆரம்பித்துவிடுவாள். டாக்டரைப் பார்த்த அன்றே எனக்குப் போன் போடு, ரிசல்ட்டில் வந்த எண்ணையும் சொல்லு. கண்ணன் உன்னைக் கேட்டான். அந்த நோட்டில் உனக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறானாம், எதற்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
மாலு