பேக்கப்புக்குப் பணம் வாங்கினீர்கள், எங்கள் பழைய கணக்கு எங்கே?

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
கிளவுட் கணக்குச் சேவைப் பிரிவு,
கோலாலம்பூர்.

பொருள்: உங்கள் ஊழியர் செய்த மாற்றத்தால் அழிந்துபோன கொள்முதல், கடன் கணக்குப் பதிவுகளை மீட்டுத் தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் மளிகை, மசாலாச் சாமான் மொத்த வியாபாரம் செய்கிறோம். 2019-லிருந்து உங்கள் கிளவுட் சேவையில்தான் எங்கள் கணக்கு ஓடுகிறது. கடையில் பில் போட்டால் பிறையில் இருக்கும் கிடங்கில் இருப்பு குறையும், ஆடிட்டர் தன் அலுவலகத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். அந்த வசதிக்காகத்தான் சேர்ந்தோம், அது நன்றாகவே நடந்தது. மாதா மாதம் வரும் உங்கள் பில்லில் சந்தா ஒரு வரிசையில், 'தானியங்கி பேக்கப்' தனியாக ஒரு வரிசையில் வரும். இரண்டையும் பாக்கி வைக்காமல் கட்டியிருக்கிறோம்.

ஜூலை 1, 2025 முதல் எங்கள் அளவு வியாபாரத்துக்கு மின் விலைப்பட்டியல் (வரித் துறைக்கு இணையம் வழி அனுப்பும் பில்) கட்டாயமானது உங்களுக்குத் தெரியும். அதற்காக எங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றினீர்கள். ஒவ்வொரு சரக்குக்கும் வகைப்பாட்டுக் குறியீடு போட வேண்டும் என்பதால், பட்டியலைச் சுத்தம் செய்து தருவதாக உங்கள் தொழில்நுட்ப ஊழியர் சொன்னார். சரி என்றோம். அவர் 'இரட்டைப் பதிவு' என்று நினைத்தவற்றை எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒன்றாக்கிவிட்டார்.

எங்கள் பட்டியலில் 'மிளகாய் வற்றல் 25 கிலோ' என்று இரண்டு வரி இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஒன்றில் குண்டு, மற்றதில் நீட்டு என்று எழுதியிருந்தது. இரண்டும் வெவ்வேறு சப்ளையரிடமிருந்து வருபவை, விலையும் வேறு. குண்டு கேட்ட கடைக்கு நீட்டு அனுப்பினால் மூட்டை அன்றைக்கே திரும்பி வரும். உங்கள் ஊழியருக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. உளுந்திலும் மல்லியிலும் இதே கதை. எங்களிடம் கடனுக்குச் சரக்கு எடுக்கும் நாசி கண்டார் (சோறு, குழம்பு விற்கும்) உணவுக் கடைகளில் ஒரே பெயரில் கிளைகள் உண்டு, ஒவ்வொரு கிளையும் தனித்தனியாகக் கணக்கு முடிக்கும். அவற்றையும் ஒன்றாக்கிவிட்டார்.

இணைத்ததைவிடப் பெரிய சேதம் அதற்கு அப்புறம் நடந்திருக்கிறது. இணைத்தபோது நீக்கப்பட்ட சரக்கு, வாடிக்கையாளர் குறியீடுகளின் கீழ் இருந்த பழைய பரிவர்த்தனைகள் புதிய குறியீட்டுக்கு மாறவே இல்லை. அன்றாட விற்பனை ஒழுங்காகப் போனதால் யார் கண்ணிலும் படவில்லை. ஆடிட்டர் 2021 கொள்முதல் பில்களைக் கேட்டபோதுதான் தெரிந்தது. திறந்தால் பில் எண் இருக்கிறது, தேதி இருக்கிறது, சப்ளையர் பெயர் இருக்கிறது. கீழே சரக்கு வரிசை வெறுமை. மொத்தத் தொகை 0.00. 2019 முதல் 2022 வரை இப்படிப் பில் மேல் பில்.

உங்கள் உதவி மையத்துக்கு எழுதியதும் வந்த முதல் பதில்: 'உங்கள் தரவு மூன்று தரவு மையங்களில் நகலாக இருக்கிறது, கவலை வேண்டாம்.' இந்தப் பதில்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. மூன்று இடத்தில் நகல் இருப்பது ஒரு வட்டு பழுதானாலோ ஒரு கட்டடத்தில் மின்சாரம் போனாலோ காப்பாற்றும். அழித்ததை மீட்டுத் தராது. ஓரிடத்தில் அழித்தால் அந்த அழிப்பும் நொடிகளில் மற்ற இரண்டுக்கும் போய்விடும். எங்கள் கடையிலும் கிடங்கிலும் ஆடிட்டரின் மடிக்கணினியிலும் அதுதான் நடந்தது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வெறுமை. அந்தக் காலத்துப் பில் புத்தகத்தில் மேல் தாளைக் கிழித்துப் போட்டாலும் கார்பன் படி புத்தகத்திலேயே நிற்கும். பேக்கப் என்றால் அப்படி, மூலத்துக்கு என்ன ஆனாலும் தன் பாட்டுக்கு நிற்க வேண்டும். நீங்கள் செய்து வந்தது ஒத்திசைவு, அதாவது எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்குவது; பணம் வாங்கியது பேக்கப்புக்கு.

நீக்கிய பதிவுகள் 30 நாள்தான் இருக்கும் என்று இரண்டாவது பதிலில் சொன்னீர்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அது எங்கே இருக்கிறது? 99.9 சதவீத நேரம் சேவை கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம் நின்று போகலாம். நின்று போவதைப் பற்றி இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள், தரவு போனால் எத்தனை நாள் பின்னால் போய் மீட்க முடியும், எவ்வளவு நேரத்தில் மீட்டுத் தருவீர்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. வியாபாரிக்கு முதலில் தெரிய வேண்டியவை அந்த இரண்டும்தான்.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன. அமேசானின் தரவுத்தளச் சேவையில் தானியங்கி பேக்கப்பை அதிகபட்சம் 35 நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டுமானால் தனியாகப் படி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இங்கே வருமான வரிச் சட்டம் 1967 கணக்குப் பதிவுகளை 7 ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. மலேசிய வியாபாரிகளுக்கென்றே கணக்கு மென்பொருள் விற்கும் நீங்கள், நீண்ட காலப் படி எடுக்காமல் அந்த 7 ஆண்டுக்கு என்ன ஏற்பாடு வைத்திருந்தீர்கள்? மின் விலைப்பட்டியல் வந்த பிறகான பில்களாவது வரித் துறையின் மின் விலைப்பட்டியல் தளமான மைஇன்வாய்ஸில் இருக்கும். அதற்கு முந்தையவற்றுக்கு உங்கள் சேமிப்பகம்தான் எங்களுக்கு இருந்த இடம். உள்ளூர் ரசீதுகளில் பல தெர்மல் தாளில் அச்சானவை, எழுத்தே மங்கிப்போய்விட்டது. தேறிய காகிதங்களை வைத்து எங்கள் கணக்குப்பிள்ளை கடை மூடிய பிறகு உட்கார்ந்து மறுபடி பதிவு செய்கிறார். தன் தவறு இல்லாத வேலைக்கு அவர் வீட்டுக்குப் போகும் நேரம் போகிறது. எனக்கு அதுதான் அதிகமாக வலிக்கிறது.

'தரவைப் பாதுகாப்பது வாடிக்கையாளர் பொறுப்பு' என்றும் உங்கள் ஆள் தொலைபேசியில் சொன்னார். கிளவுடில் பொறுப்பு இரு தரப்புக்கும் பிரிந்து கிடக்கிறது என்பது உண்மைதான். கடவுச்சொல்லைக் காப்பதும், யாருக்கு எந்த அனுமதி என்று பார்ப்பதும் எங்கள் வேலை. ஆனால் உங்கள் தரவுத்தளத்துக்குள் நாங்கள் நுழைய வழியே இல்லை. நீங்கள் கொடுத்திருக்கும் ஏற்றுமதிப் பொத்தானில் பிடிஎஃப் மட்டும்தான் வருகிறது, அதை வேறு கணக்கு மென்பொருளில் அப்படியே ஏற்ற முடியாது. அழித்தவர் உங்கள் ஊழியர், அழித்தது உங்கள் நிர்வாகக் கணக்கிலிருந்து. இதில் எங்கள் பொறுப்பு எது என்று எழுத்தில் காட்டுங்கள்.

போனவற்றில் கடன் வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி எண், முகவரியும் உண்டு. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, ஜூன் 1, 2025 முதல் தரவு மீறலை ஆணையருக்கு அறிவிக்கும் கடமை வந்திருக்கிறது. தரவு இழப்பும் அந்த மீறலுக்குள் வருகிறது. எங்கள் கடமை என்ன என்று நாங்கள் முடிவு செய்ய, நடந்தது என்ன என்பதற்கான செயல்பாட்டுப் பதிவுகள் எங்கள் கையில் வேண்டும். எந்தத் தேதி, எந்தப் பயனர், எந்தெந்தக் குறியீடுகள் என்ற விவரத்தை முழுமையாக அனுப்பி வையுங்கள்.

அதோடு, புதிய பதிப்புக்கு மாற்றுவதற்கு முன் எடுத்த தரவுத்தளப் படி ஏதாவது உங்களிடம் இருக்கிறதா என்று உண்மையாகவே தேடிப் பாருங்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு முன் படி எடுக்காமல் யாரும் கை வைப்பதில்லை. பழைய சேவையகத்திலோ சோதனைக்கு வைத்திருந்த இடத்திலோ இருக்க வாய்ப்பு உண்டு. உதவி மையத்தில் பதில் எழுதுபவர்களால் இதைத் தேட முடியாது, உங்கள் தரவுத்தளப் பொறியாளரிடம் நேராகக் கொடுங்கள். கிடைத்தால் இன்றைய கணக்கின் மேல் ஏற்றிவிடாமல் தனி இடத்தில் மீட்டு எங்களுக்குக் காட்டுங்கள், இல்லையென்றால் இப்போதைய விற்பனையும் போய்விடும்.

மீதியுள்ள எல்லாத் தரவையும் குறியீடுகளோடு சிஎஸ்வி கோப்பாக (வேறு மென்பொருளிலும் ஏற்றக்கூடிய அட்டவணைக் கோப்பு) தர வேண்டும். அதற்கு நீங்கள் கேட்டிருக்கும் 'தரவு எடுப்புக் கட்டணத்தை' நாங்கள் கட்டப் போவதில்லை. நாங்கள் தட்டச்சு செய்த, எங்கள் வியாபாரத்தின் கணக்கு அது. பேக்கப் என்று 2019-லிருந்து வாங்கிய தொகையைத் திருப்பித் தர வேண்டும், மறுபதிவு வேலைக்கான கூடுதல் சம்பளத்தையும் நீங்கள் ஏற்க வேண்டும். ரசீதுகளின் நகலை இணைத்திருக்கிறேன்.

பதிலை எழுத்தில், பெயரும் பதவியும் உள்ள ஒரு பொறுப்பாளரிடமிருந்து 14 நாளுக்குள் எதிர்பார்க்கிறேன். வரவில்லையென்றால் இதே கடிதம் எங்கள் வழக்கறிஞர் வழியாக வரும்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
மளிகை மொத்த வியாபாரம்,
மார்க்கெட் ஸ்திரீட், ஜார்ஜ்டவுன், பினாங்கு.

இணைப்பு: மாதாந்திர ரசீதுகள், வெறுமையான பில்களின் திரைப்பிடிப்புகள் (ஸ்கிரீன்ஷாட்), உதவி மையத்தோடு நடந்த மின்னஞ்சல்கள்.